சான்றிதழில் எண்ணப்படும் பாடமும் எண்ணப்படாத பாடமும்

ஒரு நாட்டின் பள்ளிக்கூடங்களில் என்ன கற்பிக்கப்படுகிறது என்று அறிய விரும்புவோர் பாடப் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பது வழக்கம். அது போதாது என்பது நமது அபிப்பிராயம். பள்ளியை முடித்து வெளியேறும் பிள்ளையின் கையில் கொடுக்கப்படும் சான்றிதழுக்கு எத்தனை பாடங்கள் வேண்டும், எந்தப் பாடத்தில் தேறியே தீரவேண்டும், எந்தப் பாடம் கணக்கில் சேரும், எது சேராது என்ற நிபந்தனைகளையே முதலில் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு நாளில் உள்ள நாழிகை அளவுபட்டது. பெற்றோரின் பணமும் அளவுபட்டது. ஆகவே கணக்கில் சேரும் பாடத்துக்கே உபாத்தியாயர் கிடைப்பார், நேரம் கிடைக்கும், புத்தகம் கிடைக்கும். கணக்கில் சேராத பாடத்தை எவரும் தடை செய்யவேண்டியதில்லை. அது தானாகவே பின் பெஞ்சுக்குப் போய், பிறகு அறையை விட்டும் போய்விடும். மலாயாவில் தமிழுக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் நேர்ந்த கதையின் பெரும்பகுதி இந்தக் கணக்கின் கதையே. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வாழும் தமிழர்கள், தோட்டத்திலிருந்து வந்தவர்களானாலும் பட்டணத்திலேயே பிறந்தவர்களானாலும், அக்கதையை அறிந்திருப்பது அவசியமாகும்.

இப்படிப் பாடங்களை எண்ணிக் கூட்டும் வழக்கம் படிப்பின் இயல்பிலிருந்து பிறந்ததென்று நினைப்போர் அமெரிக்க நாட்டின் சரித்திரத்தைச் சற்றே நோக்கவேண்டும். அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் ஊருக்கு ஒரு பாடத்திட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1892-ம் வருஷம் ஹார்வார்டு சர்வகலாசாலைத் தலைவர் சார்லஸ் எலியட் தலைமையில் பத்துப் பேர் கொண்ட ஒரு கமிட்டி அமைக்கப்பட்டு, எந்தெந்தப் பாடத்தை எத்தனை காலம் படிப்பது என்று ஆராய்ந்தது. அதன் யோசனைகளைச் சிலர் ஏற்றனர், சிலர் ஏற்கவில்லை. பின்னர் 1905-ம் வருஷம் எஃகு வியாபாரத்தில் பெருஞ்செல்வம் சேர்த்த ஆண்ட்ரு கார்னகி, காலேஜ் ஆசிரியர்களுக்கு ஓய்வுச் சம்பளம் கொடுப்பதற்காக 1 கோடி டாலர் ஒதுக்கினார். எந்தக் காலேஜை உண்மையான காலேஜ் என்று ஏற்பது? பள்ளியில் குறைந்தது 14 அலகு படித்த மாணவரையே சேர்க்கும் காலேஜுக்குத்தான் பணம் என்றார்கள் அந்நிதியை நிர்வகித்தவர்கள். ஒரு பாடத்தை ஒரு வருஷம், சுமார் 120 மணி நேரம் படித்தால் ஓர் அலகு. அதற்குக் கார்னகி அலகு என்று பெயர் வந்தது. ஓய்வுச் சம்பளத்தை நாடிய காலேஜுகள் அந்த நிபந்தனையை ஏற்றன. காலேஜை நாடிய பள்ளிகள் தங்கள் பாடங்களையெல்லாம் அந்த அளவுகோலுக்கு இசைய வெட்டி ஒட்டின. ஆசிரியரின் முதுமைக் காலத்துக்கென வகுத்த ஏற்பாடு ஒரு தேசத்துப் பிள்ளைகளின் படிப்புக்கே அளவுகோலாகிவிட்டது. இதிலிருந்து நாம் அறியவேண்டியது, பாடக் கணக்கு மனிதர்கள் வகுத்த ஏற்பாடு என்பதும், வகுத்தவர்கள் மனம் வைத்தால் மாற்றக்கூடியது என்பதுமே.

இனி நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம். 1816-ம் வருஷம் பினாங்கில் தொடங்கிய இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு நடந்தது முதல் மலாயாவில் தமிழ்க் கல்விக்குச் சரித்திரம் உண்டு என்பார்கள். பெருவாரியான தமிழர்களோ அதற்குப் பல பத்தாண்டுகளுக்குப் பின்பு ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தவர்கள். 1912-ம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் துரைமார் ஒரு பள்ளி நடத்தவேண்டும் என்று விதித்தது. 1923-ல் வந்த சட்டமும் அதை வற்புறுத்தியது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி என்றதேயன்றி, அந்தப் பள்ளியில் எந்த வகுப்பு வரை நடத்தவேண்டும், படித்து முடித்தவனுக்கு என்ன யோக்கியதை, அந்த யோக்கியதையை வைத்துக்கொண்டு அவன் எங்கே போகலாம் என்பவற்றைச் சட்டம் பேசவில்லை. ஆயாக் கொட்டகையை ஒட்டிய ஒரு சாய்ப்பு, பல தோட்டங்களில் அதுதான் பள்ளி. எழுத்துத் தெரிந்த கிராணியோ கங்காணியோ அங்கே உபாத்தியாயர். பிள்ளைக்குப் புல்வெட்டக் கை வலுத்ததும் பெயர் பள்ளி டாப்பிலிருந்து செக்ரோலுக்கு மாறிவிடும். பெண் குழந்தையென்றால் அதற்கும் முன்பே தம்பி தங்கையைத் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டோடு நின்றுவிடும். மூன்றாம் நான்காம் வகுப்புக்கு மேல் போனவர்கள் மிகச் சிலர். சான்றிதழ் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

இந்த நிலைமையைத் தொழிலாளர்கள் உணராமலிருந்தார்கள் என்று எண்ணுவது பெருந்தவறு. 1941-ம் வருஷம் மார்ச் முதல் மே வரையில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசுவோர், சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, கொடுமை செய்யும் கிராணிகளை நீக்குதல், கள்ளுக்கடைகளை மூடுதல், துரைமுன் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழித்தல் ஆகிய கோரிக்கைகளை எடுத்துச் சொல்வார்கள். அதே பட்டியலில் பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் துப்பாக்கிக்கு இரையாயினர். கூலிக்காகப் போராடிய கூட்டம் என்று மட்டும் அவர்களை நினைவு கூருவது நியாயமன்று. எழுதப் படிக்கத் தெரியாத தாய்தந்தையர் தம் பிள்ளைகளின் படிப்புக்காகவும் வேலையை நிறுத்தி நின்றார்கள். பத்துப் பிள்ளைக்கு ஒரு பள்ளி என்ற விதி நடைமுறையில் இருந்த அந்தக் காலத்திலேயே, தக்க கல்வி வேண்டும் என்று அவர்கள் கேட்டதன் பொருள் என்ன? பெயருக்குப் பள்ளி இருப்பது வேறு, போகும் வழியுள்ள கல்வி இருப்பது வேறு என்பதை அவர்கள் தெளிவாகக் கண்டிருந்தார்கள் என்பதே.

அதே காலத்தில் கோலாலம்பூரில் வேறொரு வகைத் தமிழர் வளர்ந்து வந்தனர். செங்கற்சூளைகள் இருந்ததால் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் பெற்ற பகுதியில் ரயில்வே குவார்ட்டர்ஸ்களில் குடியிருந்த குமாஸ்தாக்களும் தொழிலாளர்களும், யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்து சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்களும் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 1893-ம் வருஷம் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் தொடங்கப்பட்டபோது அதன் தர்மகர்த்தாக்களில் ஒருவராக நின்றவர் கா. தம்புசாமிப் பிள்ளை. 1897-ல் மெதடிஸ்டு ஆண்கள் பள்ளி வந்தது. பிரிக்பீல்ட்ஸில் 1904-ல் எழுந்த விவேகானந்த ஆசிரமக் கட்டடம், அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் மொழியையும் கலாசாரத்தையும் மறக்கவில்லை என்பதற்குச் சாட்சி. ஆயினும் பிள்ளையின் எதிர்காலத்தை நிர்ணயித்தது சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை. கடல் கடந்த ஒரு சர்வகலாசாலை வினாத்தாள் எழுதி அனுப்பும். விடைகள் கப்பலேறிப் போய்த் திருத்தப்பட்டு வரும். அந்தச் சான்றிதழுக்கு ஆங்கிலத்தில் தேறியே ஆகவேண்டும். மற்ற எல்லாப் பாடங்களிலும் கெட்டிக்காரனாக இருந்தாலும் ஆங்கிலத்தில் தவறினவனுக்குச் சான்றிதழ் இல்லை. தமிழ் படிக்கவேண்டும் என்ற நிபந்தனை எங்குமில்லை.

இதனால் மலாயாத் தமிழரிடையே ஒரு பெரும் பிளவு உண்டாயிற்று. தோட்டத்தில் தமிழ் இருந்தது, சான்றிதழ் இல்லை. பட்டணத்தில் சான்றிதழ் இருந்தது, தமிழ் இல்லை. தோட்டத்துப் பிள்ளை எட்டு வயதில் தமிழ்ப் புத்தகத்தை வாசித்தான். பதினான்கு வயதில் பால்வாளி தூக்கினான். பட்டணத்துப் பிள்ளை பதினேழு வயதில் கேம்பிரிட்ஜ் சான்றிதழ் பெற்று ஆபீசில் அமர்ந்தான். தாயாருக்குத் தமிழில் கடிதம் எழுதத் தெரியாதிருந்தான். ஒருவனை ஒருவன் தாழ்வாகவும் அந்நியனாகவும் பார்த்துக்கொண்டார்கள். இந்தப் பிளவுக்குச் சாதியும் ஊரும் காரணம் என்று சொல்வதுண்டு. அவற்றின் பங்கை நாம் மறுக்கவில்லை. ஆனால் அப்பிளவைத் தலைமுறை தலைமுறையாக உறுதிப்படுத்தியதில், எது எண்ணப்படும் எது எண்ணப்படாது என்ற பரீட்சைக் கணக்குக்கு முக்கியப் பங்கு உண்டு.

யுத்தத்துக்குப் பின் நாடு சுதந்திரத்தை நோக்கிச் சென்றபோது கல்வியைப் பற்றிய விவாதம் சூடு பிடித்தது. 1951-ம் வருஷத்துப் பார்ன்ஸ் கமிட்டி, மலாயும் ஆங்கிலமும் மட்டுமே போதனை மொழிகளாக உள்ள தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. தமிழரும் சீனரும் அதை எதிர்த்தனர். 1956-ம் வருஷத்து ரசாக் அறிக்கை தமிழ்ப் பள்ளிகளுக்கு ஆரம்பக் கல்வியில் இடம் தந்தது. 1960-ம் வருஷத்து ரஹ்மான் தாலிப் அறிக்கையும், அதன்பேரில் வந்த 1961-ம் வருஷத்துக் கல்விச் சட்டமும் பொதுப் பரீட்சைகளை ஆட்சிமொழிகளில் மட்டுமே நடத்துவதென்று உறுதி செய்தன. சீனர்களிடம் சொந்த உயர்நிலைப் பள்ளிகள் இருந்தன. அவற்றில் சில சர்க்கார் உதவியை வேண்டாமென்று தனித்து நின்று, 1975 முதல் தங்களுக்கென ஒரு பொதுப் பரீட்சையையும் நடத்தத் தொடங்கின. தமிழர்களுக்கோ இழப்பதற்குக்கூட ஓர் உயர்நிலைப் பள்ளி இல்லை. சுதந்திரம் வந்த சமயத்தில் எண்ணூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருந்தும், அத்தனையும் ஆரம்பப் பள்ளிகளே. ஆறாம் வகுப்புக்குப் பின் தமிழ்ப் பிள்ளை புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் இருந்து, வேறு மொழியில் நடக்கும் இடைநிலைப் பள்ளிக்குள் நுழைய வேண்டும். 1964 வரையில் இடைநிலைப் பள்ளிக்குச் செல்ல ஒரு நுழைவுப் பரீட்சையும் இருந்தது. அதில் தேறியவர்கள் சிறுபான்மையோர். 1965-ல் அந்தத் தடை நீங்கி எல்லோருக்கும் கதவு திறந்தது. ஆயினும் உள்ளே சென்ற பின் தமிழுக்கு இடம் எங்கே என்ற கேள்வி நின்றது.

இவ்விடத்தில் நம் முன்னோர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் செல்வது முறையன்று. 1950-களின் நடுவில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தொடங்கும் யோசனை வந்தது. அதில் சமஸ்கிருதத்துக்கு முதன்மை அளிக்கலாம் என்ற ஆலோசனை எழுந்தபோது, சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ நடத்திய கோ. சாரங்கபாணி அதை எதிர்த்து எழுதினார். தமிழே அங்கு இருக்கவேண்டும் என்று கூட்டங்கள் நடந்தன. எதிர்ப்போடு நில்லாமல், துறைக்கு வேண்டிய தமிழ் நூல்களை வாங்க ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். பட்டணத்து வியாபாரிகளோடு தோட்டத்துத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். 1956-ல் தமிழுக்கு இடமளித்துத் துறை தொடங்கிற்று. பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது. 1961-ல் தனிநாயக அடிகள் அதன் தலைவரானார். 1966-ம் வருஷம் ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. தம் பிள்ளை பல்கலைக்கழகத்தைக் கண்ணால் பார்ப்பான் என்ற நிச்சயம்கூட இல்லாத பால்வெட்டுத் தொழிலாளி, அங்கே ஒரு தமிழ்ப் புத்தக அலமாரி இருக்கவேண்டும் என்று தன் கூலியில் பங்கு கொடுத்தான். அலமாரி நிறைந்தது. ஆனால் அந்த அலமாரிக்குப் போகும் படிக்கட்டு பள்ளிச் சான்றிதழில் அல்லவா இருக்கிறது? ஐந்தாம் படிவத்தில் தமிழை எடுப்போர் இல்லையென்றால் ஆறாம் படிவத்தில் இல்லை. ஆறாம் படிவத்தில் இல்லையென்றால் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்க ஆள் எங்கிருந்து வரும்? பள்ளிக்குத் தமிழ் ஆசிரியர் எங்கிருந்து வருவார்?

1970-ம் வருஷம் முதல் ஆங்கிலப் பள்ளிகள் முதலாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய் மொழிக்கு மாறின. சான்றிதழ் பெறத் தேசிய மொழியில் தேறியே ஆகவேண்டும் என்ற விதியும் நிலைபெற்றது. முன்பு ஆங்கிலம் இருந்த இடத்தில் இப்போது மலாய் அமர்ந்தது. இவ்விஷயத்தில் நம்மவரில் பலர் ஆத்திரப்படுவதுண்டு. நாம் அவ்வாறு ஆத்திரப்படவில்லை. ஒரு நாட்டில் கூடி வாழ்வோர் ஒரு பொது மொழியை அறிந்திருக்கவேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. சர்க்கார் உத்தியோகத்துக்கு அம்மொழியில் கிரெடிட் கேட்பதும் விளங்கக்கூடியதே. நாம் கேட்பது வேறு. ஒரு பாடத்தில் தேறாவிட்டால் சான்றிதழே இல்லை என்று விதிப்பவர், அந்தப் பாடத்தைக் கற்கும் வழியையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகத் திறந்து வைத்தாரா? தோட்டத்துச் சிறு பள்ளியில் ஒரே உபாத்தியாயர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்த, அங்கிருந்து வந்த பிள்ளை புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் தடுமாறி, மலாயிலேயே பேசி வளர்ந்த பிள்ளையோடு ஒரே தாளை எழுதினான். ஒன்பது பாடத்தில் எழுதியதெல்லாம் ஒரு பாடத்தின் தவறால் ஒன்றுமில்லாமற் போனவர்கள் நம் சமூகத்தில் எத்தனை பேர் என்பதைக் கிள்ளானிலோ பந்திங்கிலோ உள்ள எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும், தங்கள் வீட்டிலிருந்தே ஒருவரைச் சொல்வார்கள். விதி ஒன்றாயிருந்தது, விதியை அடையும் பாதை ஒன்றாயில்லை. குற்றம் அங்கேதான்.

தமிழைப் பொறுத்த மட்டில், சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருந்தது. 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் பள்ளியில் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்யலாம் என்பது அது. 1996-ம் வருஷத்துக் கல்விச் சட்டத்திலும் இது இடம்பெற்றது. பல பள்ளிகளில் தமிழ் வகுப்பு, மற்றப் பிள்ளைகள் வீடு திரும்பிய பின்போ சனிக்கிழமையிலோ நடந்தது. பஸ் போய்விட்ட பின் தமிழ் படித்துவிட்டு நடந்தே வீடு சேர்ந்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்கள் அந்தப் பாடத்தை விடாமல் பிடித்திருந்ததற்குக் காரணம், அது எஸ்.பி.எம். சான்றிதழில் ஒரு பாடமாக எண்ணப்பட்டது என்பதுமாகும். முற்காலத்து எஸ்.பி.எம்.மில் ஆறு பாடங்களைக் கூட்டித் தரம் வகுத்தார்கள்; தமிழில் நல்ல புள்ளி வாங்கினால் தரம் உயரும். ஆகவே தமிழ் அவர்களுக்குப் பாசமாகவும் இருந்தது, பயனாகவும் இருந்தது.

2000-ம் வருஷம் அந்தக் கூட்டல் முறை நீங்கித் திறந்த சான்றிதழ் முறை வந்தது. எழுதிய ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியே புள்ளி குறிக்கப்படும். எத்தனை பாடங்களும் எழுதலாம். விளைவு என்னவாயிற்று? பாட எண்ணிக்கையில் போட்டி மூண்டது. 2004-ம் வருஷத்துப் பரீட்சையில் ஜொகூரைச் சேர்ந்த நூர் அமாலினா என்ற மாணவி 17 பாடங்களில் முதல் தரம் பெற்றது நாடெங்கும் பேச்சாயிற்று. சர்க்கார் உபகாரச் சம்பளம் கேட்டவர்களிடையே, என் பிள்ளைக்கு இத்தனை ஏ, ஏன் கிடைக்கவில்லை என்ற கூக்குரலும் வருஷந்தோறும் எழுந்தது. இதற்குப் பரிகாரமாக 2009-ம் வருஷம் மே மாதத்தில் கல்வி அமைச்சர் முகிதீன் யாசின், அடுத்த ஆண்டு முதல் பத்துப் பாடங்களுக்கு மேல் எழுதக் கூடாதென்று அறிவித்தார்.

பத்து என்பது பெரிய எண்ணாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் ஒரு தமிழ் மாணவிக்கு மலாய், ஆங்கிலம், வரலாறு, கணிதம், நன்னெறிக் கல்வி ஆகிய ஐந்தும் கட்டாயம். பௌதிகம், ரசாயனம், உயிரியல், கூடுதல் கணிதம் என்பவை நான்கு. ஆக ஒன்பது. மீதியுள்ள ஒரே இடத்தில் தமிழ்மொழியை வைக்கலாம். அல்லது கணக்கியல் போன்ற வேறொன்றை வைக்கலாம். தமிழ்மொழியை வைத்தால் தமிழ் இலக்கியத்துக்கு இடமில்லை. பயனைப் பார்த்து வேறொன்றை வைத்தால் இரண்டுக்கும் இடமில்லை. தமிழைத் தடுக்கும் எண்ணம் அந்த அறிவிப்பில் எழுதியிருக்கவில்லை. எழுதவேண்டிய அவசியமும் இல்லை. பத்து என்ற எண்ணே அதைச் செய்து முடிக்கும்.

தமிழ்ச் சங்கங்களும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் பத்திரிகைகளும் இதை உடனே கண்டுகொண்டார்கள் என்பது நமக்குப் பெருமை. கூட்டங்கள் நடந்தன, மனுக்கள் போயின, அரசியல் கட்சிகள் தங்கள் பேதங்களைச் சற்று மறந்து ஒரே குரலில் பேசின. அந்த வருஷத்துக்குள்ளேயே மந்திரிசபை தளர்ந்து, பத்தோடு இரண்டு என்ற ஏற்பாட்டை ஒப்புக்கொண்டது. பன்னிரண்டு பாடங்கள் வரை எழுதலாம். மேலதிகமான இரண்டும் சான்றிதழில் குறிக்கப்படும். ஆனால் உபகாரச் சம்பளத்துக்கு அவை கணக்கில் கொள்ளப்படா என்றார்கள். வெற்றி என்று பலர் மகிழ்ந்தார்கள். மகிழ்ந்தது தவறன்று, கதவு மூடாமல் நின்றது. ஆயினும் அந்த வெற்றிக்குள் இருந்த குறையையும் நாம் மறைக்கலாகாது. எழுதலாம், ஆனால் எண்ணமாட்டோம் என்பது, பந்தியில் உட்காரலாம், ஆனால் இலை போடமாட்டோம் என்பதைப் போன்றது. தமிழிலும் இலக்கியத்திலும் பற்றுள்ள பிள்ளை அவற்றை எழுதும். உபகாரச் சம்பளத்தை நம்பியே மேற்படிப்பை எதிர்பார்க்கும் ஏழைப் பிள்ளை, தன் இரவுகளை எண்ணப்படும் பத்துக்குத்தான் செலவிடும். அதாவது, கணக்கில் சேராத பாடம் நாளடைவில் வசதியுள்ளவரின் அலங்காரமாகும். வசதியற்றவருக்கு அது எட்டாததாகும். தோட்டத்துக் குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகளே தமிழை அதிகம் பேணியவர்கள் என்பதை நினைத்தால் இந்த அநியாயம் விளங்கும்.

அதற்குப் பின் வந்த இரண்டு விஷயங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2013 முதல் வரலாற்றுப் பாடத்திலும் தேறினால்தான் எஸ்.பி.எம். சான்றிதழ் என்று விதி வந்தது. உடனே வரலாற்றுக்குத் தனி வகுப்புகளும் துணைநூல்களும் பெருகின. அந்தப் பாடப்புத்தகத்தில் எந்தச் சமூகத்தின் பங்கு எத்தனை பக்கம் என்ற விவாதமும் அப்போதுதான் பொதுஜனங்களிடையே வலுத்தது. ஆங்கிலத்திலும் 2016 முதல் தேறியே ஆகவேண்டும் என்று திட்டமிட்டிருந்தார்கள். பள்ளிகளும் பிள்ளைகளும், குறிப்பாகக் கிராமப்புறத்தவர், அதற்குத் தயாராயில்லை என்று கண்டு 2015-ல் அதை ஒத்திவைத்தார்கள். பிள்ளைகள் தயாராகும் வரை விதி காத்திருக்கலாம் என்ற இந்த நியாயம் நல்ல நியாயமே. அந்த நியாயத்தை 1970-களில் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு எவரும் காட்டவில்லை என்பதைக் கசப்பின்றிக் குறித்து வைக்கிறோம்.

இதெல்லாம் சர்க்காரின் காரியம், நமக்கு இதில் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டால் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்வோம். தமிழ்நாட்டிலேயே 2006-ம் வருஷம் சட்டம் இயற்றி, பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்க வேண்டி வந்தது. அதுவரை அங்கே தமிழை எழுதாமலே பள்ளிப் பரீட்சையை முடிக்க வழி இருந்தது; அவ்வழியை நாடியவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளைகளே. இங்கேயும் நாம் காண்பதென்ன? நான்காம் படிவத்தில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் தாள் வீட்டுக்கு வருகிறது. தமிழில் ஏ வாங்குவது கஷ்டம், அதை விட்டுவிடு என்று சொல்பவர் பல சமயம் வேற்றார் அல்லர். தகப்பனார், அல்லது ட்யூஷன் மாஸ்டர், அல்லது போன வருஷம் பரீட்சை எழுதிய அண்ணன். பதினைந்து பெற்றோர் கையெழுத்திட்டால் வகுப்புக் கேட்கலாம் என்றிருந்தும், பதினான்கு கையெழுத்தோடு நின்றுபோன மனுக்கள் உண்டு. திருமண மண்டபத்தில் தமிழின் பெருமையைப் பேசிய வாய், தலைமையாசிரியர் அறையில் பேசாமலிருந்தது.

இன்று தோட்டத் தமிழர், பட்டணத் தமிழர் என்ற பழைய எல்லையே கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். ஷா ஆலம் இருக்குமிடத்தில் பால்மரங்கள் நின்றன. லயத்தில் பிறந்தவரின் பேரனும் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவரின் பேத்தியும் ஒரே இடைநிலைப் பள்ளியில் ஒரே தாளில் பாடங்களைக் குறிக்கிறார்கள். 2020-ல் விஞ்ஞானப் பிரிவு, கலைப் பிரிவு என்ற பாகுபாடும் நீங்கிப் பாடத் தொகுப்புகள் வந்தன. ஆறாம் ஆண்டுப் பொதுப் பரீட்சை 2021-லும், மூன்றாம் படிவத்துப் பரீட்சை 2022-லும் எடுக்கப்பட்டபோது, சான்றிதழின் பாரமெல்லாம் எஸ்.பி.எம். மீதே ஏறியது. ஆகவே அந்தத் தாளில் தமிழுக்கு நேரே இடும் குறி முன்னைக் காட்டிலும் கனமானது.

நாம் கோருவது இரண்டு. சர்க்காரை நோக்கி: எழுத அனுமதித்த பாடத்தை எண்ணவும் செய்க, கட்டாயமாக்கும் பாடத்துக்கு, கடைசித் தோட்டத்துப் பிள்ளைக்கும் ஆசிரியரைக் கொடுத்த பின் கட்டாயமாக்குக. நம் ஜனங்களை நோக்கி: வருஷத் தொடக்கத்தில் பள்ளிக்குப் போங்கள், தமிழ்மொழி வகுப்பு உண்டா, இலக்கிய வகுப்பு உண்டா, பாட நேரத்திலா அதற்குப் பின்பா என்று கேளுங்கள், இல்லையென்றால் எழுத்துமூலம் கேளுங்கள், பதினைந்தாவது கையெழுத்தை அயலாரிடம் எதிர்பாராமல் நீங்களே இடுங்கள். 1941-ல் கிள்ளான் தோட்டங்களில் தம் பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும் என்று கேட்டவர்களுக்குத் தங்கள் பெயரைக்கூட எழுதத் தெரியாது; பெருவிரல் ரேகைதான் தெரியும். அவர்களுடைய பேரப்பிள்ளைகளான நமக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். போடுவோமா என்பதே கேள்வி.